அட்டைக் கீபோர்டு

ஜூன் 3

மதிப்பிற்குரிய உபகரணப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

கல்குவாரிப் பள்ளியின் ஆறாம் வகுப்பு ஆசிரியை எழுதுவது. தங்கள் நிறுவனம் பழைய கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்குக் கொடுப்பதாக எங்கள் தலைமையாசிரியருக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பம் தபாலில்தான் வர வேண்டும், பள்ளி முத்திரை இருக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்ததால் இந்தக் கடிதம்.

என் வகுப்பில் நாற்பத்தொரு பேர். எல்லார் வீட்டிலும் குவாரி வேலைதான். கல் உடைப்பார்கள், லாரியில் ஏற்றுவார்கள். ஒரு வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஒன்பது வீடுகளில் ஃபோன் இருக்கிறது. அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அதுவும் அவர் சட்டைப் பையில் ஏறிப் போய்விடும். போன மாதம் மேல்நிலைப் பள்ளியில் சேர ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். இங்கே எட்டாம் வகுப்பு முடித்த பதினாறு பேரில் நான்கு பேர்தான் கெடுவுக்குள் விண்ணப்பித்தார்கள். மற்ற பன்னிரண்டு பேரும் நன்றாகப் படித்தவர்கள்தான். எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்று தெரியாமல் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் இப்போது குவாரியில் கல் பொறுக்குகிறார்கள். என் நாற்பத்தொரு பேருக்கு அந்தக் கதி வரக் கூடாது.

எங்களுக்கு எட்டு கம்ப்யூட்டர்கள் வேண்டும்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு ஆசிரியை

பின்குறிப்பு: சுற்றறிக்கை அச்சில் இருந்தது. உறை மேல் முகவரி மட்டும் கையால் எழுதப்பட்டிருந்தது. ‘ழ’வுக்கு இவ்வளவு நீளமாக வால் போடுகிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளோடு பேச மாட்டேன் என்று மூன்று வருஷத்துக்கு முன் சொன்னேன். இது விண்ணப்பம். பேச்சில் சேராது.


ஜூன் 9

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றோம். உரிய பரிசீலனைக்குப் பின்…

அக்கா, இதற்கு மேல் என்னால் முடியாது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அங்கிருந்தே வீட்டுக்கு ஃபோன் போட்டு, “அம்மா, அக்கா லெட்டர் போட்டிருக்கா!” என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். “என்னடா எழுதியிருக்கா?” என்று கேட்டாள் அம்மா. “எட்டு கம்ப்யூட்டர் வேணுமாம்.” “கேட்டதக் குடுத்துத் தொலைடா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போயே எனக்கு வாய் வலிக்குது” என்றாள்.

கொடுப்பது என் கையில் இல்லை. மேலாளர் அம்மா கையில் இருக்கிறது. விவரம் இதுதான்: எட்டு மெஷின்களும் முதலில் தற்காலிகமாகத்தான் வரும். ஆகஸ்டில் மேலாளர் அம்மாவே நேரில் வந்து பார்ப்பார். பிள்ளைகளுக்கு அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் அங்கேயே இருக்கும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த பள்ளிக்கு வண்டி ஏறிவிடும். போன வருஷம் மூன்று பள்ளிகளிலிருந்து அப்படித் திரும்பி வந்தன; மேலே போட்ட துணியைக்கூட எடுக்கவில்லையாம்.

அன்றைக்குச் சித்தப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதை மறக்கவில்லை. “கல்லு உடைக்கிறவங்க பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு? பேரு எழுதத் தெரிஞ்சாப் போதாதா?” அப்போது புதிதாகப் பதவி உயர்வு வந்த திமிர். நீ பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனாய். அந்த இலை கண்ணிலேயே நிற்கிறது. நான்…

உன் மொட்டை
(இந்தப் பட்டப்பெயர் இப்போது உண்மையாகிக்கொண்டிருக்கிறது. முன்நெற்றியில் ஆரம்பித்துவிட்டது.)


ஜூன் 15

மொட்டை,

‘நான்…’ என்று எழுதிப் புள்ளி வைத்திருக்கிறாயே, அந்தப் புள்ளிகளையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. மன்னிப்பெல்லாம் காகிதத்தில் கேட்காதே. அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். இப்போது வேலை.

மெஷின் வர ஒன்றரை மாதம் ஆகும் என்று தலைமையாசிரியருக்கு உங்கள் அலுவலகக் கடிதம் வந்திருக்கிறது. வந்த பிறகு மூன்று வாரத்தில் உங்கள் மேலாளர் அம்மா வருவார். எட்டு மெஷின், நாற்பத்தொரு பேர், மூன்று வாரம். ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று நீயே கணக்குப் போடு. பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே அது போய்விடும். அதனால் கீபோர்டை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அதைப் பார்த்துப் பிள்ளைகள் அட்டையில் வரைந்துகொள்ளட்டும். மெஷின் வருவதற்குள் விரல் பழகிவிடும்.

இந்த யோசனை எனக்கு நேற்று வகுப்பில் வந்தது. கேள்விக்குறி என்று ஒருத்தி இருக்கிறாள். பெயர் நான் வைத்ததில்லை, வகுப்பே வைத்தது. “டீச்சர், நீச்சல் கத்துக்கிறதுக்கு முன்னாடியே கைய ஆட்டிப் பழகலாம்ல, அதே மாதிரி கம்ப்யூட்டருக்கு என்ன பண்ணலாம்?” என்று கேட்டாள். எனக்கு உடம்பே சிலிர்த்துப் போனது. கடைக்குப் போய்ப் பிஸ்கட் பெட்டி அட்டைகளை வாங்கி வந்துவிட்டேன். சைக்கிள் பின்னால் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, வீடு மாற்றுகிறீர்களா என்று வழியில் மூன்று பேர் கேட்டார்கள்.

சீக்கிரம் அனுப்பு.

அக்கா


ஜூன் 21

அக்கா,

‘அக்கா’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய்! அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உறையோடு வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கீபோர்டு இத்துடன் இருக்கிறது. அச்செடுத்தே அனுப்பியிருக்கலாம். ஆனால் தினமும் பன்னிரண்டு மணி நேரம் தட்டுகிற ஆளுக்கு அச்சு எதற்கு? கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அலுவலகப் பேருந்துக்குக் காத்திருந்தபோது டீக்கடைப் பலகையில் தாளை வைத்து ஒரே மூச்சில் வரைந்து முடித்தேன். பக்கத்தில் நின்றவர் அசந்துபோய்விட்டார். மேல் மூலையில் ஒரு வட்டக் கறை தெரிந்தால் கண்டுகொள்ளாதே, டம்ளர் வைத்தது.

இரண்டு விஷயம். முதலாவது, பட்டனைப் பார்க்காமல் அடிக்கப் பழக்கு. பார்த்து அடிக்கிறவன் காலம் முழுக்கக் குனிந்தே இருப்பான். இரண்டாவது, அனுப்பப்போகும் மெஷின்களில் பாதிப் பட்டன்களில் எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டது. பத்து வருஷம் எங்கள் கணக்குப் பிரிவில் அடி வாங்கியவை. அதனால் மனப்பாடம்தான் கதி.

தாளின் அடியில் ‘இதைப் பார்த்தே பழகவும்’ என்று எழுதியிருக்கிறேன். கொஞ்சம் அதிகாரமாக இருக்கட்டும் என்றுதான்.

மொட்டை


ஜூலை 6

அதிகாரியே,

வகுப்பறை எப்படி இருக்கிறது என்று நீ பார்க்க வேண்டுமே! நாற்பத்தொரு பிஸ்கட் பெட்டி அட்டைகள், நாற்பத்தொரு கீபோர்டுகள். நீ போட்டதை ஒரு புள்ளி விடாமல் வரைந்திருக்கிறார்கள். ‘இதைப் பார்த்தே பழகவும்’ என்பதையும், உன் ‘ழ’வின் வாலையும் சேர்த்துத்தான். அதோடு முப்பது பேருக்கு மேல் அந்த வட்டத்தையும் வரைந்துவிட்டார்கள். “டீச்சர், இந்த ரவுண்டு பட்டன் எதுக்கு?” என்று கேட்டார்கள். என் தம்பி டீ குடித்த தடம் என்று சொல்ல வாய் வரவில்லை. “அது ஓய்வு பட்டன், கை வலிச்சா அதுல விரல வச்சுக்கலாம்” என்றேன். இப்போது அதற்கு டீ பட்டன் என்றே பெயர் ஆகிவிட்டது. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

தினமும் காலை முதல் பாடவேளை கீபோர்டுதான். நான் ஒரு சொல் சொல்வேன், எல்லோரும் கண்ணை மூடி அட்டையில் தட்டுவார்கள். நாற்பத்தொரு பேர் ஒரே நேரத்தில் தட்டினால் கூரைத் தகட்டில் மழை பெய்வது போல இருக்கும். தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார், சத்தியமாக! வீட்டிலும் விடுவதில்லையாம். ஒருத்தியின் அம்மா வந்து, “டீச்சர், தூக்கத்துல எம்முதுகுல டைப் அடிக்கிறா” என்று சிரிக்கிறாள். கல் உடைத்துக் காய்த்துப்போன கையால் மகளின் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நானும் ராத்திரியில் பழகுகிறேன். வாரத்துக்கு இரண்டு விரல் வீதம் வருகிறது.

ஒரே ஒரு உரசல். நம் கேள்விக்குறி தலைமையாசிரியர் அறையில் பழைய டைப்ரைட்டர் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். “டீச்சர், கீழ் வரிசையில ‘எம்’, ‘என்’ங்கிற ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் அதுல இடம் மாறியிருக்கு” என்றாள். “மாறியிருந்தா அந்த டைப்ரைட்டர்தான் தப்பு. என் தம்பி போட்டது தப்பா இருக்காது. தினம் பன்னெண்டு மணி நேரம் அதே வேலைதான் அவனுக்கு. வாய மூடிக்கிட்டுத் தட்டு” என்று அதட்டிவிட்டேன். பாவம், முகம் சுண்டிப்போய்விட்டது. ஆனாலும் எதற்கும் ஒரு கேள்வி கேட்டால் எப்படி?

உன்னை விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டு, அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது. மூன்று வருஷமாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்த வாய் அல்லவா!

அக்கா


ஜூலை 17

அக்கா,

எட்டு மெஷின்களும் தயார்! மாதக் கடைசியில் வண்டி ஏறிவிடும். பத்து நாளாக ஆபீஸ் முடிந்ததும் கிடங்குக்குப் போய் ஒவ்வொன்றையும் நானே கழற்றித் துடைத்துப் பூட்டினேன். அது என் வேலை இல்லை, கேட்டவர்களிடம் உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஊரில் கல் தூசி அதிகம் என்பதால் காற்று போகும் துவாரத்தில் மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். வாரம் ஒரு முறை கழற்றித் துவைக்கச் சொல்.

கேள்விக்குறியிடம் சொல், டைப்ரைட்டர் அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டிய சாமான், அதையெல்லாம் பார்த்துக் குழம்பக் கூடாது என்று. ஆள் நல்ல சூட்டிகைதான் போலிருக்கிறது. ஆனால் தொழில்காரன் போட்ட படத்திலேயே குற்றம் கண்டுபிடிக்கிறாளே!

மேலாளர் அம்மா வரும் நாள் ஆகஸ்ட் 21. அவர் சிரித்துப் பேசுவார், மார்க்கை மட்டும் இறுக்கிப் பிடிப்பார். ஜாக்கிரதை.

நீ என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதிய வரியை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

மொட்டை


ஆகஸ்ட் 2

டேய் மொட்டை,

உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று மெஷின்கள் வந்தன. லாரி வாசலில் நின்றதும் பள்ளிக்கூடமே வெளியே கொட்டியது. குவாரியிலிருந்து ஐந்தாறு அப்பாக்கள் வந்து பெட்டிகளை இறக்கினார்கள். ஒரு டன் கல்லை அலட்சியமாகத் தூக்குகிறவர்கள், அந்தப் பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நடந்தார்கள். எட்டும் உயிர் பெற்றன. நீலத் திரை வந்ததும் எழுந்த சத்தம் உனக்கே கேட்டிருக்கும்.

முதலில் எட்டுப் பேரை உட்கார வைத்தேன். “கண்ண மூடிக்குங்க. ஆங்கில எழுத்துல அம்மான்னு அடிங்க” என்றேன். மனப்பாடமாகத் தெரிந்த சொல். அடித்தார்கள். கண்ணைத் திறந்தார்கள். எட்டுத் திரையிலும் ‘அண்ணா’ என்று இருந்தது.

அடுத்த எட்டுப் பேரும் அண்ணா. அதற்கடுத்த எட்டும் அண்ணா. நாற்பத்தொரு பேரும் அண்ணனைக் கூப்பிட்ட பிறகுதான் நான் தலைமையாசிரியர் அறைக்கு ஓடி அந்த டைப்ரைட்டர் மேல் கிடந்த துணியை உருவிப் பார்த்தேன். கீழ் வரிசையில் ‘எம்’மையும் ‘என்’னையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறாய். நாங்கள் ஐந்து வாரம் தப்பைத் தவறில்லாமல் மனப்பாடம் செய்திருக்கிறோம்.

ஒருவருக்கும் கை திரும்பவில்லை. எனக்கே திரும்பவில்லை. ‘பார்த்து அடியுங்கள்’ என்றால் நீ சொன்னதுபோல அந்தப் பட்டன்களில் எழுத்தே இல்லை. மேலாளர் அம்மா வர இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

கேள்விக்குறி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

உடனே பதில் போடு.


ஆகஸ்ட் 6

அக்கா,

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

என் தப்புதான். முழுக்க என் தப்பு. உன் கடிதத்தைப் படித்ததும் நம்பவில்லை. கீபோர்டைத் துணியால் மூடிவிட்டு இன்னொரு தடவை வரைந்தேன். அதே இடத்தில் அதே தப்பு! பயந்துபோய் எங்கள் பிரிவில் எல்லோரிடமும் வெள்ளைத் தாளைக் கொடுத்து வரையச் சொன்னேன். பதினான்கு பேர். ஒருவர்கூடச் சரியாக வரையவில்லை. பதினைந்து வருஷமாகத் தட்டுகிற ஒருவர் ஒரு எழுத்தையே விட்டுவிட்டார். எங்களுக்கெல்லாம் விரலுக்குத்தான் தெரிகிறது, தலைக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதும் தெரியவில்லை.

சரியாகப் பார்த்தது ஒருத்திதான். அவளை நீ அதட்டினாய், நான் கிண்டல் செய்தேன். சாப்பாட்டு மேசையில் பேசிய அதே வாய்தான் அதையும் எழுதியது. மூன்று வருஷமாகத் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. வெட்கமாக இருக்கிறது.

இப்போது மருந்து. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. எந்தப் பட்டனை அழுத்தினால் எந்த எழுத்து வர வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது, அந்த ஃபைலைப் பார்த்துத்தான் எழுத்தைப் போடும். அதில் இரண்டே வரிகளை இடம் மாற்றினால் போதும், பிள்ளைகளின் விரலுக்கு ஏற்றபடி ‘எம்’ வரும், ‘என்’ வரும். எப்படித் திறப்பது, எந்த வரி, எப்படிச் சேமிப்பது என்று தனித்தாளில் படிப்படியாக எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை மெஷினைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். மூன்று பேரைச் சரிபார்க்கச் சொன்னேன்.

மேலாளர் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. பிள்ளைகள் தட்டுவார்கள், எழுத்து சரியாக வரும், அவ்வளவுதான்.

மொட்டை


ஆகஸ்ட் 12

தம்பி,

உன் தாள் வந்தது. எட்டு மெஷினும் இப்போது நாங்கள் சொன்னபடி கேட்கின்றன. ஆனால் நீ நினைத்தபடி நடக்கவில்லை. அதைவிட நன்றாக நடந்தது!

நான் முதலில் சத்தம் போடாமல் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு முதல் மெஷினில் உட்கார்ந்தேன். நாமே தப்புச் செய்துவிட்டு அதை நாமே மறைப்பதா என்று கை வரவில்லை. மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் கேள்விக்குறியைக் கூப்பிட்டேன். “நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. உன்னை அதட்டினதுக்கு மன்னிச்சுக்கோ” என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “பரவால்ல டீச்சர். ஆனா அந்த ஃபைல எனக்குக் காட்டுவீங்களா?”

காட்டினேன். உன் தாளை அவளே படித்து, அவளே திறந்து, அவளே மாற்றினாள். நாற்பது பேர் அவள் முதுகுக்குப் பின்னால் ஏறி நின்றார்கள். அடித்தால், ‘அம்மா’ வந்துவிட்டது! என்ன கூச்சல்! பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். அப்புறம் அவள் கேட்டாள்: “டீச்சர், ரெண்டு வரிய மாத்தினா இது கேக்குதுன்னா, வேற என்ன என்ன சொன்னாக் கேக்கும்?”

எனக்கு அதற்குப் பதில் தெரியாது. “தெரியாது” என்றேன். அது இவ்வளவு நல்ல பதில் என்று இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. நீ பட்டன் தட்டக் கற்றுக்கொடுக்கப் படம் போட்டாய். தப்பாகப் போட்டதால் மெஷினுக்கு உத்தரவு போடுவது எப்படி என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இப்போது இரண்டு ஃபைல் வைத்திருக்கிறோம். யோசனை அவளுடையதுதான். ஒன்று நம் பழக்கம், இன்னொன்று ஊர் வழக்கம். வெளியே போனால் எல்லா இடத்திலும் ஊர் வழக்கக் கீபோர்டுதானே இருக்கும்? அதனால் தினமும் அரை மணி நேரம் அதிலும் பழகுகிறார்கள். கை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மேலாளர் அம்மா வருவதற்குள் திரும்புமா, தெரியாது. மறைக்கப் போவதில்லை என்று மட்டும் எல்லோரும் கை தூக்கி முடிவு செய்துவிட்டோம்.

இன்னொரு தொல்லை. குவாரியில் தினமும் ஒரு மணிக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன் சங்கு ஊதி மின்சாரத்தை நிறுத்துவார்கள். எங்களுக்கும் அதே லைன். சங்குக்கும் மின்சாரம் போவதற்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான். முதல் நாள் அடித்ததெல்லாம் போய் நான்கு பேர் அழுதுவிட்டார்கள். இப்போது சங்கு ஊதினால் நான் சொல்ல வேண்டியதே இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

மறைக்கப் போவதில்லையா? மேலாளர் அம்மாவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அறை வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் அவர் ஃபோனில் இருந்தார். மூன்றாவது தடவை போனபோது பள்ளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பட்டியலில் அடுத்த பள்ளியின் முகவரியையும் கையோடு எடுத்துப் போயிருக்கிறார்.

அம்மா சாப்பிடும்போதெல்லாம், “இருபத்தொண்ணு வந்திருச்சா, வந்திருச்சா” என்று கேட்கிறாள். நீ ஃபோனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அம்மாவிடமாவது சொல். நான் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன். வாசலுக்குப் போய்விடுகிறேன்.

மொட்டை


ஆகஸ்ட் 22

என் அருமை மொட்டைக்கு,

எழுத ஆரம்பித்தால் கை ஓடுகிறது, மனசு அதற்கு முன்னால் ஓடுகிறது. வரிசையாகவே சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

பன்னிரண்டு மணிக்கு மேலாளர் அம்மா வந்தார். சிரித்துப் பேசினார், நீ சொன்னது போலவே. பிள்ளைகள் ஊர் வழக்கக் கீபோர்டில் தட்டிக் காட்டினார்கள். பாதிப் பேருக்குச் சரியாக வந்தது, பாதிப் பேருக்கு ‘எம்’மும் ‘என்’னும் பழைய வீட்டுக்கே போய்விட்டன. அவர் நோட்டில் எதையோ குறித்தார். “நான் ஒரு குறிப்பு எழுதிக்கறேன்” என்று ஒரு மெஷினில் உட்கார்ந்தார். அது நம் பழக்கத்தில் இருந்த மெஷின். நான்கு வரி அடித்தார், புருவத்தைச் சுருக்கினார். “இந்த கம்ப்யூட்டர் பழுதாயிருக்கே?”

கேள்விக்குறி எழுந்தாள். “பழுது இல்ல மேடம். இது எங்க கீபோர்டு. ஒரு நிமிஷம் இருங்க” என்றாள். அவர் கைக்குக் கீழேயே ஃபைலைத் திறந்து, இரண்டு வரியை மாற்றி, சேமித்துவிட்டு, “இப்ப அடிங்க, உங்களுக்கு ஏத்த மாதிரி வரும்” என்றாள். மேலாளர் அம்மா அடித்தார். வந்தது. அவர் அடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

“இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“டீச்சரோட தம்பி கீபோர்டத் தப்பா வரைஞ்சு அனுப்பிட்டாரு மேடம். அதனாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது.”

அந்த நேரத்தில் சங்கு ஊதியது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு மெஷினிலும் ஏழு பேர் சேமித்து, மூடி, கையைக் கட்டிக்கொண்டார்கள். எட்டாவது மெஷின் முன்னால் மேலாளர் அம்மா ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார். “மேடம், சேவ் பண்ணுங்க! சேவ் பண்ணுங்க!” என்று நாற்பத்தொரு பேரும் கத்துகிறார்கள். “எதுக்கு?” என்று திரும்பிக் கேட்டார். மின்சாரம் போய்விட்டது. அப்புறம் வெடிச் சத்தம். ஜன்னல் ஆடியது. அவர் எழுதிய குறிப்பு முழுக்கப் போனது. முன் வரிசையில் ஒரு பொடிசு அவர் தோளைத் தட்டி, “பரவால்ல மேடம், முதல் நாள் எங்களுக்கும் போயிடுச்சு” என்று ஆறுதல் சொன்னது.

அவர் சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இருட்டிலேயே ஒரு அட்டையைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ‘இதைப் பார்த்தே பழகவும்.’ நீண்ட வால் போட்ட ழ. “இந்த ழவ எனக்குத் தெரியும்” என்றார். அட்டையைத் தன் பையில் வைத்துக்கொண்டார். உன் மேசைக்கு மேலே மாட்டப்போகிறாராம். டீ பட்டனோடு சேர்த்துத்தான்.

மெஷின்கள் இங்கேயே இருக்கும், மொட்டை! எட்டும்! அடுத்த பள்ளிக்கு வேறு எட்டு ஏற்பாடு செய்கிறாராம். போகும்போது நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். ‘பயன்படுத்தத் தெரியுமா?’ என்ற இடத்தில், ‘எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்’ என்று எழுதியிருந்தார். நான் அழுதேன். தலைமையாசிரியரும் அழுதார், தூசி என்று சொல்லிக்கொண்டார்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கு இன்னொரு தடவை விண்ணப்பிக்க அடுத்த வாரம் கெடு வருகிறது. குவாரிக்குப் போன ஐந்து பேரையும் நேற்றே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். மூன்று பேர் வந்தார்கள். கேள்விக்குறி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, விண்ணப்பத்தில் கேட்பதையெல்லாம் அவர்களே தட்டிப் பழகினார்கள்; இங்கே இணையம் இல்லை, திங்களன்று டவுனுக்குக் கூட்டிப்போய் அவர்கள் கையாலேயே அனுப்ப வைப்பேன். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கு இன்று சாயங்காலம் நானே போகிறேன்.

நீ கேள்விக்குறியிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். தேதி அவள் சொல்வாள். அவளிடம் உனக்கு இருபத்திரண்டு கேள்விகள் தயாராக இருக்கின்றன, எழுதி வைத்திருக்கிறாள்.

அப்புறம் ஒன்று. இங்கே பள்ளியில் ஃபோனுக்குச் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிப் படியில் பதினான்காவது படிக்கு ஏறினால்தான் வரும். மூன்று வருஷமாக அங்கே நின்றுதான் அம்மாவோடு பேசுகிறேன். அம்மா ஃபோனை உன் பக்கம் நீட்டுகிற சத்தம் கேட்டாலே துண்டித்துவிட்டு இறங்கிவிடுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏறப் போகிறேன். நீ வாசலுக்குப் போக வேண்டாம். ஃபோனை நீயே எடு. முதலில் கொஞ்ச நேரம் என் பக்கம் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

உன் அக்கா